கிலோமீட்டருக்கு ஒரு ஆள்

ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் செக்கிங் மேசை கெங்கம்மாளுடையது. தைத்து முடித்த ஷூ மேல்தோல் ஜோடி ஜோடியாக அவள் முன்னால் வந்து விழும். எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள். தையல் ஒரு நூலளவு கோணியிருந்தாலும் போதும். "இத இன்னா தூங்கிக்கினே தெச்சியா?" என்று வந்த வழியே தூக்கி எறிந்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக எறிந்துகொண்டிருக்கிறாள். இதற்குள் எத்தனையோ சூப்பர்வைசர்கள் வந்து போய்விட்டார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருகிற எவனுக்கும் தோலும் தெரியாது, தையலும் தெரியாது என்ற அவளுடைய தீர்மானத்தை அவர்களில் ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

வீட்டிலும் அதே வாய்தான். புருஷன் பெங்களூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று சேதி வந்தபோது, போய் இழுத்து வா என்று ஊரே சொன்னது. "போனவன் போனான். ஒரு தட்டு கழுவற வேல கம்மி," என்றாள். மாதனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஓட்டு வீட்டில், மகள் சௌந்தர்யாவைத் தனியாகவே வளர்த்துக் கல்லூரியில் சேர்த்தாள்.

நோய் வந்தது ஆறு வருஷத்துக்கு முன், ஒரு தை மாதம். காலையில் பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. தொடையிலும் கையிலும் காரணமே இல்லாமல் நீலத் திட்டுகள். பக்கத்து மேசையில் வேலை செய்யும் வஹீதாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அக்கா, யாருக்கா அடிச்சது உன்னை?"

"என்ன அடிக்க எவன் இருக்கான்?"

வஹீதா விடாமல் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம், மேசையில் நின்றிருந்தபோதே கெங்கம்மாளின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. கையிலிருந்த ஷூவின் உள்பக்க வெள்ளை லைனிங் மேலெல்லாம் சிவப்பு. சூப்பர்வைசர் ஓடி வந்தான். வந்தவன் முதலில் குனிந்து பார்த்தது லைனிங்கைத்தான். அதை அவள் மயக்கத்திலும் கவனித்துக்கொண்டாள்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்று என்றார்கள். இதில் ஒரு வகை உண்டு, அவளுக்கு வந்திருப்பது அதுதான், முதல் மாதத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், தாண்டுவதுதான் கஷ்டம் என்று ஓர் இளம் டாக்டர் நேராகச் சொன்னார். மருந்து என்ன என்று கேட்டாள். ஆர்சனிக் என்றார்.

"அப்படின்னா?"

"பாஷாணம்மா. அளவோட கொடுப்போம்."

"எங்கூர்ல அத குடிச்சி செத்தவங்களதான் எனக்குத் தெரியும்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அதனால் அவரை அவளுக்குப் பிடித்துப்போனது. அவள் கட்டிலருகே அழுகைக் குரலை வைத்துக்கொண்டு பேசாத முதல் ஆள் அவர்.

மருந்து வேலை செய்கிறவரை உடம்பில் ரத்தக் கசிவு நிற்க வேண்டும். அதற்குத் தட்டணு ஏற்ற வேண்டும். பிளேட்லெட் என்று நர்சுகள் சொன்னார்கள். யாராவது வந்து ஒன்றரை மணி நேரம் மெஷினில் படுத்துக் கொடுத்தால்தான் உண்டு. சௌந்தர்யாவை எடை போதாது என்று திருப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் அண்ணன் வேதாசலம் பார்க்க வந்தார். தென்னந்தோப்பும் நெல்லு மெஷினும் உள்ளவர். வெள்ளை வேட்டி, இரண்டு செல்போன். தனியாகவா வருவார்? வேன் வைத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, இரண்டு குலை இளநீரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து இறங்கினார். வார்டு வாசலில் நின்று, "நான் இருக்கறேன் இல்ல, எல்லாம் நான் பாத்துக்கறேன்," என்று போனில் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் படுத்தபடி கெங்கம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நர்ஸ் வந்து, "பேஷண்ட்டோட சொந்தக்காரங்க யாராவது பிளேட்லெட் கொடுக்க வர்றீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஒருவன் திருப்பதிக்கு மாலை போட்டிருந்தான். ஒருவனுக்குப் பெண் பார்க்கிறார்களாம், ரத்தம் கொடுத்தால் முகம் வாடிவிடுமாம். ஒருவன் வண்டியை எடுத்து நிழலில் விட்டு வருவதாகச் சொல்லிப் போனான். வண்டியோடு இன்னும் நான்கு பேர் போனார்கள். பத்து நிமிஷத்தில் வராந்தாவில் இளநீர்க் குலைகள் மட்டும் மிச்சம்.

"எனக்கு சுகரும்மா," என்றார் வேதாசலம். "டாக்டர் கூடவே கூடாதுன்னுட்டாரு."

"எப்பண்ணா வந்துச்சி?"

"அது... போன வாரம்தான்."

மத்தியானம் சௌந்தர்யா ஜெராக்ஸ் எடுக்கத் தெருவுக்குப் போனாள். எதிர் மிட்டாய்க் கடையில் பெரியமாமா வேதாசலம் ஆற்காட்டு மக்கன் பேடாவைச் சர்க்கரைப் பாகு சொட்டச் சொட்ட வாயில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவதையும் எடுத்தார். வந்து அம்மாவிடம் சொன்னாள். கெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஈறிலிருந்து ரத்தம் வரும் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

பிளேட்லெட் கொடுத்தது வஹீதாவின் தம்பி தன்சீல் அகமது. வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு மண்டியில் டிரம்மில் தோல் ஏற்றி இறக்கும் வேலை. அதுவரை அவள் முகம் பார்த்திராத ஆள். பஸ் பிடித்து வந்தான், மெஷினில் படுத்தான், எழுந்தான். போகிற வழியில் வார்டுக் கதவருகே நின்று, "நல்லாய்டுவீங்கக்கா," என்றான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். ஐந்து நாள் கழித்து மறுபடியும் வந்தான். நடுவில் இரண்டு கல்லூரிப் பையன்களும் ஆஸ்பத்திரி வாசலில் டீ ஆற்றுகிற ஒருவரும் கொடுத்தார்களாம். அவர்கள் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

மாதம் தாண்டியது. அப்புறம் பல மாதம் போய் வந்து மருந்து ஏற்றிக்கொண்டாள். கடைசியில் புற்று இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உடனே சொந்தக்காரர்கள் படையெடுத்து வந்தார்கள். "கடவுள் காப்பாத்திட்டாரு கெங்கம்மா," என்றாள் ஓர் அத்தை.

"கடவுள் கையிலயா ஊசி குத்துனாங்க?" என்றாள் கெங்கம்மாள். அத்தை காப்பி குடிக்காமல் எழுந்து போனாள். அதுவும் லாபம்தான் என்று கெங்கம்மாள் அந்தக் காப்பியைத் தானே குடித்தாள்.

தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். விடிகிற நேரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் நடந்தாள். அங்கே ஏற்கெனவே ஆண்கள் கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. தொப்பையும் வெள்ளை ஷூவுமாக, ரோட்டை அடைத்துக்கொண்டு, கட்சி விவகாரமும் மூல வியாதியும் பேசியபடி அரை கிலோமீட்டர் போவார்கள். டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று வடை தின்றுவிட்டுத் திரும்புவார்கள். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பது கெங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தாண்டிப் போக நடை போதவில்லை. அதனால் ஓடினாள். முதல் நாள் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைதான். மூச்சு முட்டி, குனிந்து நின்றாள். மறுநாள் மூன்று கம்பம்.

"இன்னா கெங்கம்மா, நாய் தொரத்துதா?" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஆமா. வடை தின்ற நாய்," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

ஒரு வருஷத்தில் சுடிதாரும் ஆம்பூர் ரோட்டோரக் கடையில் வாங்கிய ஷூவுமாக, கம்பெனி வண்டி வருவதற்குள் எட்டு கிலோமீட்டர் ஓடி வந்து குளித்துவிட்டு நிற்பாள். மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னாள். அவர் நெஞ்சுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்து, "ஓடுங்க," என்றார்.

விஷயம் கம்பெனிக்கு எட்டியது. ஆள் விவகாரம் பார்க்கும் மேனேஜர் நவநீதன் அவளைத் தேடி வந்தான். முப்பத்திரண்டு வயது, மணிக்கட்டில் எத்தனை அடி நடந்தான் என்று சொல்லும் வாட்ச். புற்றுநோய்க்காக ஒரு தர்ம ஓட்டம் நடக்கப் போகிறது, கம்பெனியும் சேர்ந்து நடத்துகிறது, அவள்தான் அதற்கு முகம் என்றான்.

"என் மூஞ்சி எதுக்கு?"

"நீங்க போராளிம்மா. உங்களப் பாத்து நாலு பேருக்குத் தைரியம் வரும்."

"நான் எங்க போராடுனேன்? படுத்துக்கினு இருந்தேன். மருந்து ஏறுச்சி."

நவநீதன் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டான். அடுத்த வாரம் ஆம்பூர் முழுக்க பிளெக்ஸ். 'புற்றை வென்ற புயல்' என்று கொட்டை எழுத்து. அவள் முகத்தை மாவு பூசியதுபோல் வெளுக்க வைத்திருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு, அது தான் என்பது புரியவே அவளுக்கு இரண்டு ஸ்டாப் ஆனது.

ஓட்டத்தன்று ஊதா பனியன் கொடுத்தார்கள். அவள் ஓட்டத்தின் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நூறு அடி நடக்க வேண்டும், பிறகு மேடையில் உட்கார வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஓட வந்தவர்கள் வெயிலில் நிற்க, மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். பலூன் விட்டார்கள். கெங்கம்மாள் பலகையைப் பக்கத்திலிருந்தவன் கையில் திணித்துவிட்டு ஓட ஆரம்பித்தாள். பத்து கிலோமீட்டர் ஓடித் திரும்பி வந்தபோது சிறப்பு விருந்தினர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஓட்டம் மனிதனுக்கு எவ்வளவு அவசியம் என்ற இடத்துக்கு வந்திருந்தார். அவர் காரில் வந்து இறங்கி, மேடைக்கு நான்கு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியதை அவள் பார்த்திருந்தாள்.

மறுநாள் கேண்டீனில் நவநீதனைப் பிடித்தாள்.

"வசூலான துட்டு வார்டுக்குப் போச்சா சார்?"

"இது அவேர்னஸ் ரன்மா. விழிப்புணர்வுக்கு. பனியன், மேடை, மெடல், எல்லாம் செலவுதானே?"

"படுத்துக்கினு கெடக்கறவங்களுக்கு?"

"மக்களுக்கு விழிப்புணர்வு வந்தா அவங்களுக்கும் நல்லதுதானே?"

அவள் அவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். தையல் கோணிய ஜோடிகளுக்குக்கூட அதைவிட மரியாதையான பார்வை கிடைப்பதுண்டு.

அந்த வருஷக் கடைசியில் அவனே மறுபடி வந்தான். வேலூரில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம் வருகிறது, கம்பெனி அணி போகிறது, நானும் ஓடுகிறேன், நீங்கள் வந்தால் பேப்பரில் போடுவார்கள் என்றான். கேண்டீனில் இருநூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கெங்கம்மாள் சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள்.

"வர்றேன். துட்டு வேணாம், பனியன் வேணாம். நான் முழுசா ஓடி முடிச்சா, கிலோமீட்டருக்கு ஒரு ஆள் ஆஸ்பத்திரியில போய் ரத்தமோ பிளேட்லெட்டோ கொடுக்கணும். இருவத்தோரு ஆளு. தைக்கறவங்க இல்ல. கழுத்துல அட்டை மாட்டிக்கினு இருக்கறவங்க."

"நீங்களும் கொடுப்பீங்களாம்மா?" என்று ஒரு சூப்பர்வைசர் மடக்கப் பார்த்தான்.

"எனக்கு வந்த நோய்க்கு என் ரத்தம் ஆருக்கும் ஆவாது. கால்தான் இருக்கு. உனக்கு ரெண்டும் இருக்கு இல்ல?"

இருநூறு பேரும் சிரித்தார்கள். நவநீதன் ஒத்துக்கொண்டான். நாற்பத்தெட்டு வயசுப் பெண், அதுவும் புற்று வந்தவள், இருபத்தோரு கிலோமீட்டர் எங்கே ஓடப் போகிறாள் என்ற நம்பிக்கைதான் காரணம். நோட்டீஸ் போர்டில் இருபத்தொரு பெயர் ஏறியது. முதல் பெயர் அவனுடையது.

வஹீதா ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் பாட்டிலோடு ஸ்கூட்டியில் கூடவே வந்தாள். "அக்கா, உனக்குக் கோவம் மட்டும் இல்லன்னா ஒரு கிலோமீட்டர்கூட ஓடமாட்டே," என்பாள். கெங்கம்மாள் அதை மறுக்கவில்லை.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் தன்சீலைப் பார்க்க வாணியம்பாடிக்குப் போனாள். உயிர் கொடுத்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட வேண்டும் என்று நினைத்தாள். மண்டி வாசலில், முட்டிவரை ரப்பர் பூட்ஸும் சுண்ணாம்பு தெறித்த சட்டையுமாக அவன் வந்து நின்றான். தான் ஓடப் போவதைச் சொன்னாள். அவன் புரியாமல் பார்த்தான்.

"வேலூருக்குள்ளதானே? பஸ் இருக்கேக்கா."

"பஸ்ஸு இருக்குது தம்பி. நீ ரெண்டு வாட்டி பிளேட்லெட் கொடுத்தே. அதனாலதான்..."

"ரெண்டு வாட்டியா? ஞாபகம் இல்லக்கா. யாராச்சும் கூப்ட்டா போறதுதான்." உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "டீ சாப்ட்டுப் போங்க," என்று கடையில் சொல்லிவிட்டு ஓடினான்.

கெங்கம்மாள் அந்த டீயைக் குடித்தாள். மனிதர்களைப் பற்றிச் சொல்வதற்கு அவளிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். அன்று மாதனூர் வந்து இறங்கும்வரை ஒன்றும் வரவில்லை.

ஓட்டம் கோட்டை முன்னாலிருந்து புறப்பட்டு, பாலாற்றுப் பாலம் தாண்டி, காட்பாடிக்கு அப்பால் போய்த் திரும்ப வேண்டும். இருட்டு பிரிவதற்குள் கிளப்பிவிட்டார்கள். நவநீதன் முதல் இரண்டு கிலோமீட்டர் அவளைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். அவள் தன் சர்வீஸ் ரோட்டு ஓட்டத்தையே ஓடினாள். காட்பாடியில் வெயில் ஏறியது. பதினான்காவது கிலோமீட்டரில் நவநீதன் ரோட்டோரம் உட்கார்ந்து, காலை நீட்டி, இரண்டு பேரை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாட்ச் மட்டும் விடாமல் கீங் கீங் என்றது.

"கிராம்ப்மா," என்றான் பரிதாபமாக.

"ரத்தம் கால்ல இல்ல, கையிலதான் எடுப்பாங்க. அது நல்லா இருக்கு இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பதினேழுக்கு மேல் அவளுக்கும் தாங்கவில்லை. பாலத்தின்மேல் கால் கல்லாகிவிட்டது. நடந்தாள். கீழே தண்ணீரில்லாத பாலாறு மணலாகக் கிடந்தது. செத்துப்போய்விட்டால் பிளெக்ஸில் இன்னும் என்னென்ன எழுதுவார்கள் என்று தோன்றியது. அந்த நினைப்பே ஒரு தள்ளு தள்ளியது. சூப்பர்வைசர்கள் ஒவ்வொருவர் முகமாக நினைத்துக்கொண்டு, ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம், அதிலிருந்து அடுத்தது என்று ஓடினாள். அவள் எல்லைக்கோட்டைத் தொட்டபோது, ஓட ஆரம்பித்து மூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு. சௌந்தர்யா கட்டிக்கொண்டு அழுதாள். "வேர்வ, தள்ளிப் போ," என்றாள் கெங்கம்மாள்; ஆனால் மகளைத் தள்ளவில்லை.

அங்கே வேதாசலம் சால்வையோடு நின்றிருந்தார், கூடவே போட்டோகாரர். தங்கை பெயர் பேப்பரில் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்; ஊரில் தேர்தலும் வருகிறது. சால்வையைப் போர்த்திக் காமிராவைப் பார்த்தார். "எங்க ரத்தம்! எங்க குடும்ப ரத்தம்!" என்றார்.

கெங்கம்மாள் சால்வையின் ஒரு முனையை விடாமல் அவர் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பத்தடி தள்ளி இலவச மருத்துவ முகாம் மேசை போட்டிருந்தார்கள். நேரே அங்கே இழுத்துப் போனாள்.

"அண்ணனுக்கு ஆறு வருஷமா சுகர். கொஞ்சம் பாரும்மா."

போட்டோகாரர் பின்னாலேயே வந்தார். வேதாசலம் மறுக்க முடியாமல் விரலை நீட்டினார். மேசையிலிருந்த பெண் குத்திப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தெட்டு. நார்மலா இருக்கு சார்," என்றாள்.

"மாத்திரை போடறேன், அதான்..."

"இன்னா மாத்திரண்ணா? மக்கன் பேடாவா?"

சௌந்தர்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். போட்டோகாரர் வேதாசலத்தின் அந்த நேரத்து முகத்தையும் படம் எடுத்தார்.

அடுத்த இரண்டு மாதத்தில் போர்டில் இருந்த இருபத்தொருவரில் பதினாறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களில் மூன்று பேரை லேபிலேயே ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர் லீவு போட்டு ஒளிந்தார்கள். அவர்கள் பெயரைக் கெங்கம்மாள் தினமும் கேண்டீனில் உரக்கப் படித்தாள். நவநீதன் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். அடுத்த மாதம் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். போட்டோ எடுக்கவில்லை. அதற்காக அவனை ஒரு படி உயர்த்தி, அவன் குட்மார்னிங்குக்குத் தலையாட்ட ஆரம்பித்தாள்.

வேதாசலமும் வந்தார். வராமல் இருக்க வழியில்லாமல் வந்தார். கட்டிலில் கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்து, பாதம் நடுங்கப் படுத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன் ஊசிக்கு இப்படி நடுங்குவதைப் பார்க்கக் கெங்கம்மாளுக்குப் பாவமாக இருந்தது. அப்படி இருந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. ஒரு ஜூஸ் பாக்கெட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். அவர் ஊருக்குத் திரும்பி, தங்கச்சிக்காக ரத்தத்தையே கொடுத்தேன் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆறு வருஷம் லேட் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் ஊரெல்லாம் சொன்னாள்.

இப்போது வார்டில் யாருக்காவது பிளேட்லெட் தேவைப்பட்டு ஆள் கிடைக்கவில்லை என்றால் சௌந்தர்யாவின் போனுக்கு அழைப்பு வருகிறது. கெங்கம்மாள் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறாள். "இன்னா, உனக்கும் சுகரா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அவள் வாயைக் கேட்பதைவிட ஊசியே தேவலை என்று வருகிறவர்களும் உண்டு. வடை தின்னும் கூட்டத்திலிருந்தே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இந்த வருஷ ஓட்டத்துக்கும் பிளெக்ஸ் வைக்கலாமா என்று நவநீதன் கேட்டான். வைத்தால் பிய்த்துவிடுவேன் என்றிருக்கிறாள். சர்வீஸ் ரோட்டில் அவள் காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறாள். ஞாயிறு என்றால் இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூடுதல்.